இருவருக்கும் வந்த ஒரே மேடு

செவிளைத் தூக்கிப் பார்க்காமல் நான் மீன் வாங்குவதில்லை. வெள்ளவத்தைச் சந்தையில் என்னைக் கண்டாலே வியாபாரிகளின் முகம் சுருங்கும். ஆய்விலும் எனக்கு அதே குணம்தான்.

புரோத்தன்கள் அதிவேகத்தில் மோதும்போது கேயோன் என்ற துகள்கள் எத்தனை பிறக்கின்றன என்று எண்ணுவது என் வேலை. மோதல் நடப்பது எங்கோ ஐரோப்பாவில்; தரவு மட்டும் என் கணினிக்கு வரும். ஒரே தரவை இருவர் தனித்தனியாக எண்ண வேண்டும், முடியும்வரை அதைப் பற்றிக் கதைக்கக்கூடாது என்பது எங்கள் பேராசிரியரின் விதி. மற்றவள் தெஹிவளையில் இருக்கும் இளைய மாணவி.

என் வரைபடத்தில், வேகம் குறைந்த கேயோன்களின் பக்கம் ஒரு மேடு எழுந்தது. கோட்பாடு சொன்னதைவிட மிக அதிகம். உண்மையானால் என் கலாநிதிப் பட்டத்தின் மதிப்பே வேறு. தலைகால் தெரியாமல் திரிந்தேன். பிறகு அவளும் எண்ணி முடித்தாள். அதே இடத்தில் அதே மேடு.

பேராசிரியர் மகிழ்ந்தார். எனக்கோ சந்தேகம் வந்தது. இவ்வளவு பொருந்துமா? என்னுடையதைப் பார்த்து எழுதிவிட்டாளோ? கணினியைத் திறந்தபடி விட்டுத் தேநீர் குடிக்கப் போன நாட்களையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். அவள் சாதாரணமாகச் சிரித்தாலும் கள்ளச் சிரிப்பாகத் தெரிந்தது.

ஒரு ஞாயிறு காலை, சொல்லாமல் கொள்ளாமல் அவள் வீட்டுக்குப் போனேன்.

"உம்மட புரோகிராமை ஒருக்காக் காட்டும்."

வரி வரியாகத் துருவினேன். எதுவுமே என்னுடையதல்ல, என்னுடையதைவிட நேர்த்தி. ஒரு கோப்பு மட்டும் பழக்கமாக இருந்தது. உணர்கருவி எல்லாத் துகள்களையும் பிடிக்காது; தவறிப்போனவற்றை ஈடுகட்டும் அட்டவணை அது. இரண்டு வருடங்களுக்கு முன் நான் தயாரித்து, பழகிப் பார்க்கச் சொல்லி நானே அவளுக்குக் கொடுத்தது.

திறந்தோம். மெதுவான கேயோன்களில் பிடிபடும் பங்கை, உண்மையில் உள்ளதில் பாதியாகத் தவறி எழுதி வைத்திருந்தேன். அதனால்தான் எண்ணிக்கை இருவருக்கும் இரட்டித்திருக்கிறது. திருத்தி ஓடவிட்டோம். மேட்டைக் காணவில்லை.

"இதை நீர் செக் பண்ணேல்லையோ?"

"இல்லை அக்கா. நீங்கள் தந்ததுதானே."

நானும் அதை ஒருநாளாவது திரும்பிப் பார்த்ததில்லை.

அவள் என் கையைப் பிடித்தாள். "பிழை இருக்குமெண்டு சந்தேகப்பட்டோ வந்தனீங்கள்? நல்ல காலம் அக்கா, என்னைக் காப்பாத்திப்போட்டீங்கள்."

"ஓம்," என்றேன்.