டெல்ரனுக்கு வைக்காத கல்

லூரெத்தா குவாஷி படகுத்துறையில் சங்குக்கறி விற்பவள். சங்கின் உச்சியில் சுத்தியலால் ஒரு போடு போட்டால் சதை வழுக்கிக்கொண்டு அவள் கைக்கு வந்துவிடும். விலை பேச வருகிறவர்களுக்கும் ஏறக்குறைய அதே கதிதான். "நேத்து கம்மியா குடுத்தியே" என்று யாராவது ஆரம்பித்தால், "நேத்து நீ கொஞ்சம் அழகா இருந்தே, அதான்" என்பாள். துறையே சிரிக்கும். அப்படிப்பட்டவள் மகனைப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு ஈரக் கையைப் பாவாடையில் துடைக்க ஆரம்பிப்பாள். கை எப்போதோ காய்ந்திருக்கும். துடைத்துக்கொண்டே இருப்பாள்.

டெல்ரன் ஒரே பிள்ளை. அவன் அப்பன் அரூபாவுக்கு வேலைக்குப் போனவன், போனவன்தான். டெல்ரன் மீன் பிடிக்கப் போன இடத்தில் காற்று திரும்பிப் படகு கவிழ்ந்தது. கடல் அவனை எடுத்துக்கொண்டு, சில நாள் கழித்துத் தெற்குக் கரையில் கொண்டுவந்து போட்டது. அந்தத் துக்கத்திலும் லூரெத்தா கடலுக்கு நன்றி சொன்னாள். வெறும் பெட்டியைப் புதைத்த வீடுகள் அந்தத் தீவில் நிறைய. இவளுக்குப் புதைக்க ஒரு பிள்ளை கிடைத்தான். கரையோர இடுகாட்டில், குவாஷிக்காரர்களின் வரிசையில் குழி வெட்டினார்கள். அன்றைக்குக் கடல் அங்கிருந்து ஒரு கூப்பிடு தூரம்.

அந்தத் தீவின் வழக்கப்படி, புதைத்துவிட்டதாலேயே ஒருவன் செத்தவனாகிவிட மாட்டான். கல் வைக்க வேண்டும். அதற்குப் பணம் சேர வருஷக்கணக்காகும், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பெயர் வெட்டிய கல் படகில் வந்து இறங்கியதும், அதை வீட்டுக்குக் கொண்டுவந்து வெள்ளைத் துணி போர்த்திக் கட்டிலில் கிடத்துவார்கள். பிணத்தைப் போலத்தான். வருகிறவர்கள் அதன்மேல் ரம் தெளிப்பார்கள். மேளம் கொட்டுவார்கள். உப்பில்லாமல் சமைத்த சோறும் கோழியும் போனவர்களுக்கென்று தனித்தட்டில் மூடி வைக்கப்படும். விடிந்ததும் கல் வீட்டைவிட்டுப் புறப்பட்டாக வேண்டும். அது கல்லறைமேல் உட்கார்ந்த பிறகுதான் போனவனுக்கு ஓர் இடம். அதுவரை அலைவான், கனவில் வந்து பசிக்கிறது என்பான், குளிர்கிறது என்பான்.

டெல்ரன் கனவில் வந்து, "அம்மா, கால் நனையுது" என்றான்.

அவன் சொன்னது பொய்யில்லை. கூப்பிடு தூரத்திலிருந்த கடல் வேலிவரை வந்திருந்தது. முன்வரிசையில் யாருடைய எலும்போ வெளியே தெரிந்து, பாதிரியார் வந்து ஜெபம் சொல்லி மூடிவிட்டுப் போனார். அடுத்தது டெல்ரனின் வரிசை. லூரெத்தாவின் அண்ணன் வின்ஸ்பர்ட் கொத்தனார். டெல்ரனைத் தோண்டி எடுத்து மேட்டுக் கோயில் நிலத்தில் புதைப்பது, அங்கேயே கல்லையும் வைத்துவிடுவது என்று அவர் முடிவு செய்தார். கல்லும் வந்தது. டெல்ரனின் கட்டிலிலேயே படுக்கவைத்தார்கள். விடிந்தால் தோண்ட வேண்டும்.

அன்று சாயங்காலம் பெரிய தீவிலிருந்து வந்த கடைசிப் படகில் ஆர்லெட் பெத்தெல் இறங்கினாள். சின்னத் தீவு நாடுகளுக்காக வழக்காடும் குழுவில் அவள் வக்கீல். வயது முப்பதுகூட இருக்காது. இடுகாட்டைப் பார்க்க முன்பே வந்து போனவள், லூரெத்தாவிடம் சங்குக்கறி வாங்கித் தின்று நல்ல பெயர் எடுத்தவள், அவளை உரிமையோடு 'டான்டி', அதாவது அத்தை, என்று கூப்பிடுகிறவள். ஓட்டமும் நடையுமாக வந்து வாசலிலேயே நின்றாள்.

"டான்டி லூரெத்தா, நாளைக்குத் தோண்டாதீங்க. காலைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன்."

"ஏன்டி, உன் கல்யாணமா நாளைக்கு?"

ஆர்லெட் சிரிக்கவில்லை. "குழிக்கும் கடலுக்கும் நடுவுல அளவெடுக்கறவர் இன்னும் வரலை. உலகத்து நாடுங்கள்லாம் சேந்து ஹேக்ங்கற ஊர்ல இருக்கற பெரிய கோர்ட்டுல ஒரு கேள்வி கேட்டிருக்காங்க. காத்தைக் கெடுத்து, கடலைச் சூடாக்கினவங்க அதுக்குப் பதில் சொல்லணுமா வேணாமான்னு. 'எங்களாலதான்னு எப்படிச் சொல்றே'ன்னு பணக்கார நாடுங்க கேக்கும். நாங்க காட்டணும். அந்த வரிசைல, பேர் சொல்லிப் பேச ஆள் உயிரோட இருக்கற குழி டெல்ரனோடது ஒண்ணுதான். அதையும் மேட்டுக்குக் கொண்டுபோயிட்டா, 'அவங்கதான் சமாளிச்சுக்கிட்டாங்களே'ம்பாங்க."

வின்ஸ்பர்ட் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "கல்லு வீட்டுக்குள்ள வந்து படுத்தாச்சு பொண்ணே. இனிமே அதை எழுப்பி உக்காரவெச்சு டீயா குடுக்கறது?"

"மழை முடிஞ்சு அவர் வந்து அளக்கறவரைக்கும்தான், அங்கிள்."

லூரெத்தா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே இருந்தாள். அவளுக்குச் சட்டம் தெரியாது. ஆனால் யாரோ எங்கோ செய்த காரியத்துக்கு இவள் பிள்ளை இரண்டாம் முறை முழுக வேண்டியிருக்கிறது என்பது தெரியும். அந்தக் கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாளும் சங்கின்மேல் காட்டிக்கொண்டிருந்தாள்.

"கெடுத்தவங்க பேரைச் சொல்லுவாங்களா, அந்தக் கோர்ட்டுல?"

"நாடுகளோட கடமை என்னன்னு சொல்லுவாங்க."

"என் மகன் பேரை?"

"அதை நான் சொல்லுவேன், டான்டி. எழுந்து நின்னு சொல்லுவேன்."

அந்த வார்த்தையில்தான் லூரெத்தா விழுந்தாள். துறையைத் தாண்டி யாருக்கும் தெரியாத பிள்ளையின் பெயர் ராஜாக்கள் வீட்டுக் கூடம் போன்ற ஓர் இடத்தில் சொல்லப்படும் என்றால், எந்தத் தாய்க்குத்தான் மனம் இளகாது? "சரி, இருக்கட்டும்" என்றாள். வின்ஸ்பர்ட் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு, அவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வீட்டுக்குப் போனார்.

அடுத்த நாள் ஆர்லெட் சமையலறை மேசையில் உட்கார்ந்து அவளுடைய வாக்குமூலத்தை எழுதினாள். எழுதியதை வாசித்துக் காட்டியபோது லூரெத்தா குறுக்கிட்டாள்.

"கால் நனையுதுன்னு அவன் சொன்னதைக் காணோமே?"

"கனவை அவங்க எடுத்துக்க மாட்டாங்க, டான்டி."

"பின்னே எதை எடுத்துப்பாங்க?"

"கடல் வருஷத்துக்கு எவ்வளவு உள்ள வருதுங்கற கணக்கை."

"அதைத்தானேடி அவனும் சொல்றான்!"

ஆர்லெட் தலையைக் குனிந்துகொண்டு 'பண்பாட்டு இழப்பு' என்ற இடத்தில் ஏதோ திருத்தினாள். கனவு சேரவில்லை.

கல் கட்டிலிலேயே கிடந்தது. விடிந்ததும் போயிருக்க வேண்டிய கல், மாதக்கணக்கில் வீட்டுக்குள் கிடந்தால் அது வீடா? பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலோடு நின்று பேசினார்கள். தண்ணீர் கொடுத்தால்கூட வாங்கவில்லை. லூரெத்தா சமையலறை நாற்காலியில் தூங்கினாள். விளக்கை அணைக்குமுன் துணியைச் சரியாக இழுத்துவிட்டு, "இன்னும் கொஞ்ச நாள்தான், ராசா" என்பாள். கல்லிடம் பேசுகிறாள் என்று துறையில் கேலி கிளம்பியது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மழை ஓய்ந்ததும் அளவெடுப்பவர் வந்தார். மரியாதையான மனிதர். ஒவ்வொரு குழிக்கும் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் கம்பத்தை ஊன்றினார். டெல்ரனின் குழியை நாலா பக்கமும் அளந்து கருவியில் குறித்துக்கொண்டு போனார். கடல் இப்போது எட்டிக் கால் நீட்டினால் தொடும் தூரம். "சனிக்கிழமை தோண்டறோம். இனி யார் வந்து தடுத்தாலும் கடப்பாரையாலேயே பேசுவேன்" என்றார் வின்ஸ்பர்ட்.

வெள்ளிக்கிழமை ஆர்லெட் போன் செய்தாள். விசாரணை டிசம்பரில். அதற்குள் எதிர்த்தரப்பு இன்னொருமுறை பார்க்க வேண்டும் என்று கேட்டாலும் கேட்கலாம் என்று குழுவில் பெரியவர்கள் பயப்படுகிறார்கள். டிசம்பர்வரை மட்டும் பொறுக்க முடியுமா? கேட்கக்கூடாததைக் கேட்கிறோம் என்று அவளுக்கே தெரிந்திருந்தது. லூரெத்தா மறுத்திருக்கலாம். இவ்வளவு நாள் பொறுத்ததெல்லாம் வீணாகிவிடுமே என்று நினைத்தாள். அதுதான் அவள் செய்த தப்பு. "சரி" என்றாள்.

நவம்பரில் ஒரு நாள். தீவில் புயலில்லை, காற்றுகூட இல்லை. நல்ல வெயில். எங்கோ வடக்கே அடித்த புயல் கிளப்பிவிட்ட அலை, வெயிலில் மினுமினுத்துக்கொண்டே வந்தது. துறையில் சங்குகளை வாரிக்கொண்டு மேட்டுக்கு ஓடியவர்களில் லூரெத்தா இல்லை. அவள் இடுகாட்டுப் பக்கம் ஓடினாள். வின்ஸ்பர்ட் பின்னாலேயே ஓடி அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். வரிசை வரிசையாக மண் சரிந்தது. அவ்வளவு பெரிய காரியம் கொஞ்சமும் சத்தமில்லாமல் நடந்தது.

"ஒரு தடவை குடுத்தியே!" என்று கடலைப் பார்த்துக் கத்தினாள். "நல்லவ மாதிரி திருப்பிக் குடுத்தியே! அண்ணே, விடு, அவன் போறான், விடு என்னை!"

வின்ஸ்பர்ட் விடவில்லை. அவரும் அழுதார். பிறகு நாள்கணக்கில் தெற்குக் கரை முழுக்க நடந்து தேடினார்கள். வேலிக்கம்பு கிடைத்தது. வேறொன்றும் கிடைக்கவில்லை.

டிசம்பரில் ஆர்லெட் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். கடைக்காரர் தொலைக்காட்சியைத் தெருப்பக்கம் திருப்பி வைத்திருந்தார். கறுப்பு அங்கி போட்டு எழுந்து நின்றவள், "டெல்ரன் குவாஷி" என்று நிறுத்தி, தெளிவாகச் சொன்னாள். அந்தக் குழி இப்போது இல்லை என்றும் சொன்னாள். நீதிபதிகளில் ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அடுத்துப் பேச எழுந்த ஏதோ ஒரு பெரிய நாட்டின் வக்கீல் முதலில் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். பிறகு, எந்தப் புகை எந்த அலையானது என்று யாராலும் காட்ட முடியாது என்று வெகுநேரம் விளக்கினார். லூரெத்தா மகன் பெயரைக் கேட்டதும் எழுந்து போய்விட்டாள். மற்றதை அவள் கேட்கவில்லை.

பதில் வந்தது அடுத்த ஜூலையில். கேட்டது கிடைத்துவிட்டது என்று துறையில் சங்கு ஊதினார்கள், பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள். கெடுதல் செய்த நாடுகள் அதற்குப் பொறுப்பு, முடிந்தவரை பழையபடி ஆக்கித் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு கொடுக்க வேண்டும் என்று நீதிபதிகள் ஒரே குரலில் சொல்லியிருந்தார்கள். அது தீர்ப்பில்லை, சட்டம் இன்னதென்று சொல்லும் ஆலோசனை என்று கடைக்காரர் படித்துச் சொன்னார்.

"ஆலோசனைக்கா இவ்வளவு நாள்?" என்றார் வின்ஸ்பர்ட். "என் பொண்டாட்டி தினமும் ஓசியிலயே குடுக்கறாளே, நான் என்னிக்காவது கேட்டிருக்கேனா?"

அந்த வாரமே ஆர்லெட் வந்தாள். இந்த முறையும் வாசலோடு நின்றுவிட்டாள். "இது பெரிய விஷயம், டான்டி. இனிமே எந்தத் தீவு வழக்குப் போட்டாலும் இதைத்தான் முன்னால வெக்கும்" என்று ஆரம்பித்தவள், உள்ளே கட்டிலும் வெள்ளைத் துணியும் கண்ணில் பட்டதும் நிறுத்திக்கொண்டாள். "நான்தான் தடுத்தேன்" என்றாள்.

"நான்தான் சரின்னேன். உள்ள வா. இந்த வீட்டுக்குள்ள யாரும் வர்றதில்ல. நீயாவது வா."

உள்ளே வந்து உட்கார்ந்ததும் ஆர்லெட் உடைந்து அழுதாள். லூரெத்தா அவள் முன்னால் தேநீரை வைத்துவிட்டு, "பழையபடி ஆக்கித் தரணும்னு சொல்லியிருக்காங்களாமே. எப்படியாம்?" என்று கேட்டாள். அதில் கிண்டல் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "தெரியலை, டான்டி" என்றாள் ஆர்லெட்.

சனிக்கிழமை விருந்து வைத்தார்கள். மேளம் கொட்டியது, ரம் தெளித்தார்கள், உப்பில்லாச் சோறு தட்டில் மூடி வைக்கப்பட்டது. விலகி நின்ற பெண்கள் எல்லாரும் வந்து, வெட்கத்தோடு ஆளுக்கொரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார்கள். விடிந்ததும் கல் வீட்டைவிட்டுப் புறப்பட்டது. மேட்டுக்குப் போகவில்லை, படகில் ஏறியது. அவன் இல்லாத மேட்டில் அவன் கல்லை வைக்க லூரெத்தாவுக்கு மனம் வரவில்லை.

இடுகாடு இருந்த இடத்தில் இப்போது தண்ணீர்தான். வின்ஸ்பர்ட் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கரையைப் பார்த்தார். கோயில் கோபுரத்தைப் பார்த்தார், ஒரு மாமரத்தைப் பார்த்தார். அடையாளம் சொல்ல வேலியும் இல்லை, பாதையும் இல்லை. "இங்கனதான் எங்கயோ, தங்கச்சி" என்றார்.

"எங்கயோவா?" லூரெத்தா கல்லின்மேல் கையை வைத்துக்கொண்டாள். "எங்கயோ வைக்கவா இவ்வளவு நாள் வெச்சிருந்தேன்?"

ஆர்லெட் பையிலிருந்து சின்னக் கருவியொன்றை எடுத்தாள். அளவெடுத்தவரிடமிருந்து கேட்டு வாங்கி வந்தது. "கோர்ட்டுக்குக் குடுத்த அளவு இதுல இருக்கு" என்றாள். திரையைப் பார்த்தபடியே, "வலது பக்கம், அங்கிள். இன்னும் கொஞ்சம். பின்னால. நில்லுங்க" என்றாள். "இங்கதான் தலைமாடு. அது கால்மாடு. ஒரு கையகலம்கூட மாறாது, டான்டி."

கயிற்றைக் கட்டிக் கல்லை இறக்கினார்கள். தெளிந்த தண்ணீர். மெல்ல ஆடி ஆடி இறங்கிய கல் மணலில் போய் உட்கார்ந்தது. மேலிருந்தே பெயரைப் படிக்க முடிந்தது. கயிறு தொய்ந்த பிறகும் லூரெத்தா அதை விடவில்லை.

"விடு, தங்கச்சி. உக்காந்துருச்சு."

"ஒரு கையகலம்கூட மாறாதாம், அண்ணே" என்றாள் அவள். "அவன் எங்க இருக்கான்னு எல்லாருக்கும் இவ்வளவு சரியாத் தெரிஞ்சிருந்திருக்கே."