நின்று நின்று போன பயணம்

பேருந்து நிலையத்தின் மாடியில், கண்ணாடி அடைத்த சின்ன அறையில் உட்கார்ந்துகொண்டு, எந்த வண்டி எந்த ஊருக்கு எங்கிருந்து கிளம்புகிறது என்று நாள் முழுக்க மைக்கில் சொல்வதுதான் அவளுடைய வேலை. ஓட்டுநர்கள் அவளுக்கு வைத்த பெயர் மைக்கம்மா. வெயிலோ மழையோ, அந்தக் குரலில் ஒரு பிசிறு இருக்காது. ஆனால் அவள் வாயிலிருந்து புறப்பட்ட ஊர்களில் முக்கால்வாசியை அவள் கண்ணால் பார்த்ததில்லை. வண்டியில் ஏறிக் கொஞ்ச தூரம் போவதற்குள் வயிறு புரட்டும், கண் இருட்டும், அப்புறம் ஊரே பார்க்க வாந்திதான். வேலைக்கு நடந்தே போகிற தூரத்தில் வீடு பிடித்ததும் அதனால்தான்.

இதை அவள் பெரிய குறையாக நினைத்ததில்லை, மகளின் பட்டமளிப்பு நாள் வரும்வரை. அன்று பேருந்திலிருந்து பாதி வழியில் இறங்கி, சாலையோர மரத்தடியில் துவண்டுபோய் உட்கார்ந்துவிட்டாள். அவள் எழுந்து நிற்பதற்குள் அங்கே விழா முடிந்திருந்தது. மகள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

அந்த மகள்தான் இப்போது மலைமேல் ஒரு சிற்றூரில் சொந்தமாக ரொட்டிக்கடை திறக்கப்போகிறாள். செய்தியைத் தொலைபேசியில் சொன்னபோது அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

"நாங்க வரோம்டி!"

மகள் உடனே தடுத்தாள். "நீ கஷ்டப்படாதம்மா. நான் வீடியோல காட்டறேன்."

அன்பாகத்தான் சொன்னாள். ஆனால் மைக்கம்மாவுக்குச் சுருக்கென்றது. அம்மா வரமாட்டாள் என்று பெண் பழகிப்போய்விட்டாள்! போயே தீருவது என்று அந்த நிமிடமே முடிவு செய்தாள்.

மறுநாள் மலைப்பாதையில் வண்டி ஓட்டும் ஒல்லி டிரைவரைப் பிடித்தாள். "அண்ணே, மலை வரைக்கும் கார்ல போறதுக்குள்ள எங்கெங்க நிக்கலாம்?"

"எதுக்கும்மா நிக்கணும்? நேரா போனா அரை நாள்."

"நேரா போனா நான் பாதியாத்தான் போய்ச் சேருவேன். வயிறு பொரட்டறதுக்கு முன்னாடியே இறங்கிடணும். சும்மா இறங்கி நிக்கவும் கூடாது. பாத்தா மனசு குளிரணும், வந்ததே மறந்து போகணும். அப்படி இடமாச் சொல்லுங்க."

அவர் தலையைச் சொறிந்தார். இத்தனை வருடம் அந்தப் பாதையில் போய் வந்தவருக்குத் தெரிந்ததெல்லாம் டீக்கடையும் பஞ்சர் கடையும்தான். ஆனால் சங்கதி பரவியது. ஓட்டுநர்கள் ஒவ்வொருவராக மாடியேறி வர ஆரம்பித்தார்கள். நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு பெரிய நாற்றுப்பண்ணை இருக்கிறது, உள்ளே போய்ப் பூச்செடிகளுக்கு நடுவில் நடக்கலாம் என்றார் ஒருவர். கண்ணாடி ஊதும் பட்டறை, யார் போனாலும் நின்று பார்க்க விடுவார்கள் என்றார் இன்னொருவர். ஏரிக்கரைதான் அழகு, அங்கே நாரைகள் வரும் என்று மூன்றாமவர் சத்தியம் செய்தார். ரயில் ஓடாத பழைய ஆற்றுப்பாலத்தைச் சொன்னவர்தான் கெட்டிக்காரர். "நீங்க பாலத்து மேல நடந்து போங்கம்மா. காரு சுத்திக்கிட்டு அக்கரைக்கு வரட்டும். அவ்வளவு தூரம் மிச்சம்!"

"எல்லாம் சரி," என்றார் ஒல்லி டிரைவர். "கொண்டை ஊசி வளைவுக்கு என்ன பண்ணுவீங்க? அங்க நிறுத்த இடமே கம்மி." பிறகு சிரித்தார். "எனக்கே பின்னாடி சீட்டுல உக்காந்தா கொமட்டும் தெரியுமா? ஸ்டியரிங் கையில இருந்தாத்தான் வயிறு அடங்கும்."

அவர் விளையாட்டாகச் சொன்னதை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அடுத்த வாரமே ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தாள். முதல் நாள் வண்டியைக் கிளப்புவதற்குள் வியர்த்துக் கொட்டியது. ஆனால் தெருக்கோடியில் திரும்பும்போதுதான் கவனித்தாள்: வயிறு கம்மென்று கிடந்தது. பக்கத்தில் இருந்த பயிற்சிக்காரியிடம், "எனக்கு ஒண்ணுமே செய்யல!" என்று கத்தினாள். "ரோட்டைப் பாருங்க," என்றாள் அவள். மகள் கடை திறப்பைக் கொஞ்சம் தள்ளிப்போட வேண்டியிருந்தது. அடுப்பு வரத் தாமதமாம். அம்மாவுக்கு அது பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை. அதற்குள் உரிமமும் வந்துவிட்டது.

அவள் கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். தன் பழைய காரைக் கிளப்பினால் போய்ச் சேரும்வரை எங்கும் நிறுத்தாமல் ஓட்டுவதில் அவருக்குப் பெருமை. திட்டத்தைக் கேட்டதும் சலித்துக்கொண்டார். "ஊருக்குப் போறோமா, இல்ல வீடு வீடா நின்னு தபால் குடுக்கப் போறோமா?"

"தபால் குடுத்தா என்ன கேவலமா?" என்று சீறினாள் அவளுடைய அக்கா. வேலை பார்த்த காலம் முழுக்கத் தபால்காரியாக இருந்தவள். கூட வருவதாக ஏற்கெனவே முடிவு செய்திருந்தாள்.

"மலையில நான் ஓட்டறேன்," என்றாள் மைக்கம்மா.

"நீயா? சரி, சரி. அப்ப பாத்துக்கலாம்," என்றார் அவர். நடக்காது என்று அதற்குப் பொருள்.

கிளம்பினார்கள். வயிற்றில் முதல் அசைவு தெரியும்போது நாற்றுப்பண்ணை வந்துவிட்டது. பட்டறையில் ஒருவர் குழாயில் ஊத, நெருப்புக் குழம்பு குமிழாகி ஜாடியானதைப் பார்த்து, அவசரப்பட்டுக்கொண்டிருந்த கணவரே, "இன்னொண்ணு ஊதச் சொல்லேன்," என்றார். ஏரியில் நாரைகள் இல்லை. காற்று இருந்தது, அதுவே போதுமானதாக இருந்தது. பழைய பாலத்தில் அக்காவும் தங்கையும் கைகோத்து நடந்தார்கள். கீழே ஆறு. அக்கரையில் கார்மேல் சாய்ந்து நின்ற கணவர், சின்னப் பையனைப் போல இரண்டு கையையும் ஆட்டினார். அடிவாரத்து விடுதியில் அன்றிரவு தங்கியபோது, வீட்டைவிட்டு இவ்வளவு தூரம் வாந்தி எடுக்காமல் வந்தது வாழ்க்கையில் இதுதான் முதல்முறை என்று அவளுக்கு உறைத்தது.

காலையில் சாவியைக் கணவர் கொடுக்கவில்லை. "மலைரோடும்மா. விளையாட்டு இல்ல." இரண்டாவது வளைவிலேயே அவள் முகம் வெளுத்தது. "நிறுத்துங்க." இறங்கி முகத்தைக் கழுவினாள். பிறகு சுற்றிவந்து அவர் பக்கக் கதவைத் திறந்தாள்.

"இறங்குங்க."

அது வீட்டில் பேசும் குரல் இல்லை. மைக்கில் பேசும் குரல். அவர் இறங்கிவிட்டார்.

முதல் வளைவில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினாள். அடுத்ததில் கை தானாகத் திரும்பியது. பிறகு ஒவ்வொரு வளைவும் திறந்து திறந்து வழிவிட்டது; பள்ளத்தாக்கு ஒருமுறை இடப்பக்கம் வந்தது, ஒருமுறை வலப்பக்கம் போனது. வயிறு வாயே திறக்கவில்லை. பக்கத்தில் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த கணவர்தான் கொஞ்ச நேரத்தில், "ஏம்மா... எங்கயாவது ஓரமா நிறுத்தேன்," என்று முனகினார்.

"தபால் குடுக்கணுமா மாப்பிள்ளை?" என்றாள் பின்சீட்டிலிருந்து அக்கா.

அவரைக் காற்றாட நிற்கவைத்துத் தெளியச் செய்து மறுபடி கிளம்பியபோது, மேலிருந்து ஒரு பேருந்து இறங்கி வந்தது. அவளுடைய நிலையத்து வண்டி. ஸ்டியரிங்கில் ஒல்லி டிரைவர். கார் ஓட்டுவது யாரென்று கண்டதும் பேருந்தை ஓரம்கட்டி, தலையை வெளியே நீட்டி, "போங்க மைக்கம்மா, போங்க!" என்று கூவினார். அதோடு விட்டாரா? அவர் அடித்த ஹாரன் மலையெங்கும் எதிரொலித்தது. விவரம் தெரியாத பயணிகளும் கை தட்டினார்கள். அவள் கண் கலங்கியது. ஆனாலும் ரோட்டைத்தான் பார்த்தாள்.

கடை வாசலில் கார் நின்றபோது மகள் ஓடிவந்து பக்கத்து இருக்கைக் கதவைத் திறந்தாள். உள்ளே வெளிறிப்போன அப்பா. "அம்மா எங்கப்பா?" என்றாள் பதறி. அவர் பேசத் தெம்பில்லாமல் கையைக் காட்டினார். காருக்கு அந்தப் பக்கம் அம்மா சாவியை விரலில் மாட்டிக்கொண்டு நின்றாள். தலைகூடக் கலையவில்லை.

"நீயா ஓட்டின? மலையிலயா?" மகள் சிரித்தாள், அழுதாள், மாவு அப்பிய கையோடு கட்டிப்பிடித்தாள். "நீ வந்து சேருவேன்னு நம்பவே இல்லம்மா. உனக்கு நாற்காலிகூடப் போட்டு வைக்கல."

"நான் உக்கார வரலடி. என்ன வேலை இருக்கு, சொல்லு."

வேலை இருந்தது. மறுநாள் திறப்பு, மாவு ஏற்றிவர வேண்டிய வண்டி பழுதாகி அடுத்த ஊரிலேயே நின்றுவிட்டதாம். அப்பா கட்டிலை விட்டு எழுந்திருக்கிற நிலையில் இல்லை. அம்மா சாவியை மறுபடி எடுத்தாள். தாயும் மகளும் இன்னும் பல வளைவுகள் தாண்டிப் போய், பின்சீட்டிலும் டிக்கியிலும் மூட்டைகளைத் திணித்துக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டே திரும்பினார்கள்.

காலையில் கடை திறந்தது. முதல் அடுப்பு ரொட்டி, ஆறுவதற்குள் விற்றுத் தீர்ந்தது.