கடைமடை பார்த்த மதியழகன்

மதியழகன் இறந்த செய்தி ஒரு வாடிக்கையாளர் மூலம்தான் எனக்கு வந்தது. திருவிடைமருதூரில் என் ஷெட்டில், ஒரு காருக்குள் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "மதி சார் தவறிட்டாருங்க. காலைல நெஞ்சு வலின்னாராம், தஞ்சாவூர் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றார் போனில். அவரே தொடர்ந்தார்: "வண்டிய அவருகிட்டதான் விடுறதா இருந்தேன். இனிமே உங்ககிட்டதான் வரணும்." துக்கத்துக்கு முன்னால் எனக்குப் பொறாமைதான் வந்தது. மனுஷன் போன பிறகும் நான் இரண்டாவது ஆள். அவரை அறிந்த நீங்கள் இதைப் படித்து முகம் சுளிக்கலாம். சுளித்துக்கொள்ளுங்கள். அவரைப் பற்றி நல்லதாகவே எழுத உங்களில் எத்தனையோ பேர் இருக்கிறீர்கள்.

கும்பகோணத்தில் ஒரே ஷெட்டில் எட்டு வருடம் சேர்ந்து தொழில் செய்தோம். டர்போ கார்களுக்குப் பிக்கப் கூட்டித் தருவது எங்கள் தொழில். இன்ஜினின் கம்ப்யூட்டரில் மேப்பை, அதாவது எவ்வளவு காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் என்ற கணக்கை, மாற்றி எழுதுவது என் வேலை. அதற்கு முன்னால் பம்ப், ஃபில்டர், நாசில் என்று பெட்ரோல் போகும் வழி முழுவதையும் பெரிதாக்குவது அவர் வேலை. எனக்கு ஒரு மணி நேரம் போதும், அவருக்கு மூன்று நாள் வேண்டும். டர்போ அதிகமாகக் காற்றைத் திணிக்கும்போது அதற்கு ஈடாகப் பெட்ரோல் வராவிட்டால் பிஸ்டன் உருகிவிடும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் வண்டியோடு வந்த பம்பே கொஞ்சம் தாங்கும் என்பது என் கட்சி.

அவர் அதற்கு ஒருநாளும் ஒப்பவில்லை. பெட்ரோல் கடைசியாகப் போய்ச் சேரும் நாலாவது நாசிலுக்குக் கடைமடை என்று பேர் வைத்திருந்தார். வேதாரண்யம் பக்கம் வாய்க்கால் முடிகிற இடத்தில் அவர் குடும்பத்து வயல்; தண்ணீர் கடைசியாகத்தான் வந்து சேரும். "முழுசா மிதிச்சா கடைமடைக்கு எவ்வளவு வருதுன்னு மொதல்ல பாப்போம் பாஸ்கர். அப்புறமா நீங்க லேப்டாப்பத் திறங்க" என்பார். வாடிக்கையாளர்களுக்கு அது ஒரே தடவையில் புரிந்துவிடும். நான் கிராஃப் காட்டி அரை மணி நேரம் விளக்கியதற்குத் தலையாட்டிவிட்டு, அவரிடம் போய் "சரிதானுங்களா சார்?" என்று கேட்பார்கள். எனக்கு வயிறு எரியும். என் மனைவிகூட எங்கள் வண்டியை அவரிடம் காட்டச் சொன்னாள்.

மயிலாடுதுறை ரவிச்சந்திரன் சார் துபாயிலிருந்து விடுமுறையில் வந்து தன் காரை எங்களிடம் விட்டபோது, மதி மச்சினன் கல்யாணத்துக்குப் போயிருந்தார். புதிய பம்ப் வந்து சேரவில்லை. அது வரும்வரை அந்த வண்டியைத் தொட வேண்டாம் என்று போனில் சொன்னார். சரி என்றேன். அன்றைக்கே தொட்டேன்; பழைய பம்பை வைத்துக்கொண்டே மேப்பை மாற்றி எழுதினேன். ஒரு வண்டியாவது என் பேரை மட்டும் சொல்லட்டும் என்ற ஆசை. வண்டி பறந்தது. ரவிச்சந்திரன் சார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். மறுநாள் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பைபாஸில் மிதித்திருக்கிறார். புகை கிளம்பி வண்டி நின்றுவிட்டது. நல்லவேளையாக யாருக்கும் அடியில்லை. இன்ஜினைப் பிரித்தபோது நாலாவது பிஸ்டனில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை.

ரவிச்சந்திரன் சார் கொதித்துப்போய் வந்தார். மதியும் அன்றுதான் திரும்பியிருந்தார். பங்க்கில் போட்ட பெட்ரோல் சரியில்லை என்று சொல்ல நான் தயாராக இருந்தேன். மதி முந்திக்கொண்டார்.

"பம்ப் என் வேலைங்க சார். மாத்தாம விட்டது என் தப்பு. இன்ஜின நாங்க சரிபண்ணித் தர்றோம்."

என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. நான் வாய் திறக்கவில்லை. ரவிச்சந்திரன் சார் கோபம் தணிந்து போனார். பிறகு அவருடைய சொந்தக்காரர்கள் வண்டியெல்லாம் மதியைத் தேடி வந்தன. என் தப்பிலும் அவருக்குத்தான் மரியாதை கூடியது. அதைத் தாங்க முடியாமல்தான் பிரிந்து வந்தேன். தொழிலில் கருத்து வேறுபாடு என்று உங்களிடமெல்லாம் சொன்னது சும்மா. அவர் என்றாவது உண்மையை யாரிடமாவது சொல்வார், சண்டை போட்டு மனசை ஆற்றிக்கொள்ளலாம் என்று ஏழு வருடம் காத்திருந்தேன். அவர் சொல்லவே இல்லை.

சாவு வீட்டுக்கு ரவிச்சந்திரன் சாரும் வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "தப்ப ஒத்துக்கிட்ட மெக்கானிக்னு என் வாழ்க்கையில இவரு ஒருத்தரத்தாங்க பாத்தேன்" என்றார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அந்த நேரத்திலும் பொறாமைப்பட்டேன்.

மதியின் மனைவி, பெட்ரோல் அழுத்தத்தை அவர் அளந்து பார்க்கும் பிரஷர் கேஜை என்னிடம் கொடுக்க வந்தார். வாங்கிக்கொள்ளவில்லை. அதை வைத்து வேலை செய்யும் பொறுமை எனக்கு இல்லை. அவர் சம்பாதித்த மரியாதையும் எனக்கு வரப்போவதில்லை.

ரவிச்சந்திரன் சார், மதி அன்று உங்களிடம் சொன்னது பொய். தொட வேண்டாம் என்று அவர் சொன்ன வண்டியைத் தொட்டவன் நான். அவரிடம் இருந்தவற்றில் எனக்குச் சொந்தமானது அந்தத் தப்பு ஒன்றுதான். அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.