பம்பை விழாத பதிவு

புவனகிரி கதிர்வேல் இருபத்தாறு வருஷமாக மைக்செட் போடுகிறவர். விழா நடக்க நடக்கவே பதிவு செய்து பென் டிரைவில் கொடுப்பதும் அவரேதான். கைதட்டல், குழந்தை அழுகை, எதையும் வெட்ட மாட்டார். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மஞ்சக்குப்பம் மைதானத்தில் கிராமியக் கலை விழா. சனிக்கிழமை சாயங்காலம் மங்கலம்பேட்டை சடையப்பனின் குழு மேடை ஏறியது. அவர் பம்பை அடிப்பார், தங்கை எழிலரசி பாடுவாள். வடநாட்டில் ஒரு பெரிய விழாவுக்குக் குழுக்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கூட்டத்துக்கு முன்னால் வாசித்த பதிவுதான் வேண்டும், திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் போய்ச் சேரவேண்டும். இரண்டு வருஷம் எழுதிப்போட்டும் கிடைக்காத வாய்ப்பு. அந்தப் பதிவு வேலையைக் கதிர்வேலிடம் நம்பி ஒப்படைத்திருந்தார் சடையப்பன்.

மேடையில் அவர் ஒரு மைக்கைப் பம்பைப் பக்கம் இழுத்தார். கதிர்வேல் அதை எடுத்து எழிலரசியிடம் நகர்த்தினார்.

“பம்பைக்கு எதுக்கு மாமா மைக்கு? நீ இங்க அடிச்சா முதுநகர்ல கேக்கும்.”

மைதானத்துக்கு அது சரிதான். கடைசி வரிசை வரை அதிர்ந்தது. ஞாயிறு காலை பதிவைப் போட்டுக் கேட்டபோதுதான் கதிர்வேலுக்குத் தவறு தெரிந்தது. எழிலரசி குரல் கணீரென்று இருக்கிறது. பம்பை மட்டும் நாலு வீடு தள்ளி எவனோ அடிக்கிற மாதிரி. மைக் வழியாக வந்ததுதானே பதிவாகும்? மேடைப் பேச்சும் பாட்டுமாகவே பதிவு செய்து பழகியவர், அதை யோசிக்காமல் விட்டுவிட்டார்.

சடையப்பனுக்குப் போன் போட்டு ஒளிக்காமல் சொன்னார்.

“அடப்பாவி மாப்ள, பம்பை இல்லாம எதுக்குய்யா பம்பைக் குழு?”

“திட்டு மாமா. திட்டிட்டு ஆளுங்களக் கூட்டிக்கிட்டு சிதம்பரம் வந்துடு. இன்னைக்கு எங்க மச்சான் ஊட்டுல காதுகுத்து. மைக்செட் என்னுது, கூட்டமும் இருக்கு.”

மச்சான் ஜெயப்பிரகாஷ் மண்டப வாசலிலேயே மறித்தார். “சாப்பாட்டு நேரத்துல பம்பையா? சத்தம் கேட்டாலே எங்க பெரியம்மாவுக்கு சாமி வந்துரும்யா.”

“கால் மணி நேரம் மச்சான். என்னால ஒருத்தன் பொழப்பு கெடக்கூடாது.”

பம்பைக்கே இரண்டு மைக் வைத்தார் கதிர்வேல். ஐந்தாவது நிமிஷம் பெரியம்மா மலர்க்கொடி இலையை விட்டு எழுந்தார். “அடிடா! நிறுத்தாத, அடிடா!” என்று அதட்டிக்கொண்டே ஆடினார். சடையப்பன் மைதானத்தில்கூட அப்படி அடிக்கவில்லை. பந்தியில் பாதிப்பேர் சோற்றை மறந்து எழுந்து நின்றார்கள்.

“அவுங்க சத்தமும் விழுந்திருக்கே, வெட்டிடலாமா?” என்றாள் எழிலரசி கதிர்வேலிடம், பதிவைக் கேட்டுப் பார்த்துவிட்டு.

கதிர்வேல் சடையப்பனைப் பார்த்தார்.

“அந்தம்மா அதட்டுனதாலதான் அந்த அடியே வந்துச்சி. அப்படியே அனுப்பு மாப்ள.”

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்துப் போன் வந்தது. குழுவைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். ஒரு சந்தேகம் மட்டும் கேட்டார்கள்: நடுவில் குரல் கொடுக்கிற அந்தப் பெண் பேர் பட்டியலில் காணோமே?

“அவுங்க குழுவுல இல்லீங்க,” என்றார் சடையப்பன். “காதுகுத்துக்கு சாப்பிட வந்தவுங்க.”