மூணு கவுண்டரும் மொத பில்லும்

பதுளை பஜார்ல கம்ப்யூட்டர் விக்கிற சகோதர அடிமைகளே, சிரிக்காதீங்க! கழுத்துல டை, பையில ரெண்டு பேனா, வீட்டுக்குப் போனா அம்மா ரிப்பேர் பாக்கச் சொல்லிக் குடுக்கிறது டிவி ரிமோட்டு. நம்ம தொழில்ல மிசின விக்கிறது லேசு. எந்த மிசின்னு முதலாளி முடிவெடுக்கிற வரைக்கும் உயிரோட இருக்கிறதுதான் கஷ்டம்.

ஏ.எல். படிப்ப பாதியில விட்டுட்டு வந்தவன் நான். எங்க பாஸ் தெளிவாச் சொல்லிட்டாரு: "ஹாஜியார் துணிக்கட ஆர்டர் கைய விட்டுப் போச்சுன்னா, நீ மடுல்சீமை பஸ் ஏறி தேயிலத் தோட்டத்துல கவ்வாத்து வெட்டப் போ!"

ஒரு மூள, மூணு வாய்

ஹாஜியார் கடையில சாரி கவுண்டர், சட்ட கவுண்டர், கேஷ். மேல ஒரு பெரிய மிசின், கீழ மூணு ஸ்க்ரீன், மூணு பேரும் ஒரே நேரத்துல பில் போடலாம்னு மூச்சு விடாம வெளக்கினேன். பிளேன்டிய உறிஞ்சிக்கிட்டே கேட்டுட்டுச் சொன்னாரு: "மூணு பேர் ஒரே நேரத்துல பேசினா என் வீட்டுலயே ஒண்டும் வெளங்குறல்ல மகன், இதுக்கு எப்புடி வெளங்கும்?"

துணிக்காரர் சோதன

சாம்பிள் மிசின கொண்டு போனேன். கீபோர்ட ரெண்டு வெரல்ல தேச்சுப் பாத்தாரு. வயர இழுத்துப் பாத்தாரு. சாயம் போகுமான்னு கேட்டுருவாரோன்னு பயந்தேன். அதுக்குள்ள, "மழ பேஞ்சா இங்க கரண்ட் போகும்"னு பிளக்க சடக்குன்னு உருவிட்டாரு. பேட்டரி இருந்ததால மூணு ஸ்க்ரீனும் ஜம்முனு நின்னுச்சு. சாரி கவுண்டர் லெச்சுமி அக்கா மட்டும் என்னையே பாத்துச்சு: "ஐயோ, தம்பி மூஞ்சியிலதான் கரண்ட் போயிருச்சு!"

மரியாத தெரிஞ்ச மிசின்

எல்லாம் சரி. கடைசியில ஒரு சந்தேகம். அந்தக் கடையில காலையில மொத யாவாரம் ஹாஜியார் கையாலதான் நடக்கணும், அது அவங்க வாப்பா காலத்து வழக்கம். "மூணு மிசின்ல எவனாவது முந்திட்டா?" வெளிய இன்னொரு கம்பெனிக்காரன் பைலோட உக்காந்திருந்தான். என் வாய் சும்மா இருக்குமா? "நீங்க மொத பில் போடுற வரைக்கும் மத்ததெல்லாம் பூட்டிரலாம் ஹாஜியார்! பாஸ்வேர்ட் உங்களுக்கு மட்டுந்தான், நானே தெறக்க ஏலாது!" ஒரு மாசம் பாவிச்சுப் பாக்குறேன், புடிச்சா எடுக்குறேன்னு ஒத்துக்கிட்டாரு. "இத மொதல்லயே சொல்ல வேணாமா மகன், மிசினுக்கும் மரியாத தெரியுதே!"

தீபாவளிக் கூட்டம்

அந்த மாசத்துக்குள்ளதான் தீபாவளி வந்துச்சு. ஹாஜியார் சரக்கெடுக்க கொழும்பு போயி, திரும்பி வர்ற ட்ரெயின் வழியில நின்னுருச்சு. மடுல்சீமை பஸ்ஸு ரெண்டும் கடைக்குள்ளயே வந்து எறங்கின மாதிரி கூட்டம். கடையிலருந்து கூப்பிட்டாங்கன்னு ஓடினா, மூணு ஸ்க்ரீன்லயும் பூட்டுப் படம். ஹாஜியாருக்கு போன் போட்டு பாஸ்வேர்ட் கேட்டேன். "ட்ரெயின் பொட்டி நெறைய ஆள் மகன், எல்லாருக்கும் கேக்கும்!"னு கட் பண்ணிட்டாரு.

லெச்சுமி அக்கா பழைய பில் புத்தகத்த தூசி தட்டி எடுத்து, கையால எழுதியே வித்துச்சு. பகல் ஹாஜியார் வந்து சேர்றப்ப அலுமாரித் தட்டுல ஒரு சாரி இல்ல. மனுசன் அசரல. பிஸ்மில்லா சொல்லி உக்காந்து, மூக்குத் தொடைக்கிற ஒரு லேஞ்சிக்கு மொத பில் போட்டாரு. மூணு ஸ்க்ரீனும் தெறந்துச்சு. மிசின்ல ஸ்டாக்க பாத்தாரு, தட்டப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு. எனக்கு மடுல்சீமை பஸ்ஸு ஹாரன் காதுல கேட்டுச்சு. அப்புறம் வயிறு குலுங்க சிரிச்சாரு: "கட காலி, மிசின்ல எல்லாச் சாரியும் ஈக்குதே! வித்தாலும் கொறையாத பரக்கத்தான மிசின் மகன், பூட்டக் கழட்டிட்டு இங்கயே வெச்சிட்டுப் போ!"

உண்மையச் சொன்னா, அந்தக் கடைக்கு எந்த மிசின் பொருந்தும்னு நான் பாக்கவே இல்ல. கவ்வாத்துக் கத்தி என் கைக்குப் பொருந்தாதுன்னு மட்டுந்தான் பாத்தேன்.