இடது பக்கம் விட்ட செருப்பு

காடாம்புலியூரில் எங்கள் முந்திரித் தோப்பில் புயலுக்குச் சாய்ந்த மரங்களின் அடிக்கட்டைகளைப் பெயர்க்க ஒரு பழைய புல்டோசர் வைத்திருந்தோம். மழையில் சும்மா நின்றதில் அதை இடது பக்கம் திருப்பும் கிளட்ச் துருவேறி இறுகிவிட்டது. வண்டி வலது பக்கம் மட்டுமே திரும்பும். இடது பக்கம் போக, வலமாகவே முக்கால் வட்டம் அடிக்க வேண்டும். அடுத்த மழைக்குள் கன்று நடாவிட்டால் எங்களுக்கு ஒரு வருஷம் வீண்.

சிதம்பரத்திலிருந்து மெக்கானிக் வந்தார். ஆள் ஒல்லி, மீசை மட்டும் இரண்டு பேருக்குப் போதும். எந்த வண்டியிலும் செருப்புக் காலோடு ஏற மாட்டார். அன்றும் புதுச் செருப்பைப் புல்டோசருக்கு இடது பக்கம் ஒட்டினாற்போலக் கழற்றி விட்டார்.

"அண்ணே, செருப்பு மேல ஏறிடப் போவுது," என்றேன்.

"இந்தப் பக்கம் திரும்பலன்னுதான சார் என்னக் கூப்ட்டீங்க?"

கிளட்ச் பெட்டியில் டீசல் ஊற்றி ஊறவிட்டார். பிறகு வண்டியை எதிரிலிருந்த கட்டையில் முட்டக் கொடுத்து, இடது லீவரை இழுத்து, அந்தப் பக்கத்து பிரேக்கை மிதித்தபடி எஞ்சினை உறுமவிட்டார். உள்ளே மடாரென்று ஒரு சத்தம். வண்டி விசுக்கென்று இடது பக்கம் திரும்பி, செருப்பின் மேலேயே ஏறி நின்றது.

"திரும்பிடுச்சி சார்!" என்று மேலிருந்து கூவினார்.

புதுச் செருப்பு வாங்கித் தருகிறேன் என்று சொல்லியும் கேட்கவில்லை. அப்பளமான ஜோடியை பைக்கில் மாட்டிக்கொண்டு, வெறுங்காலோடு சிரித்தபடி போனார்.

தன் வேலைமேல் நம்பிக்கை இருந்திருந்தால் செருப்பை அவர் வலது பக்கம் அல்லவா விட்டிருக்க வேண்டும்?