ஃபாரத்தில் எழுதிய 'இல்லை'

போன வாரம் ஒரு பொய் எழுதினேன். ஆஸ்பத்திரி ஃபாரத்தில்... கோவிலில் பத்மநாபனைச் சேவித்துவிட்டு நேரே போய்.

என் மனைவி ராஜம் எட்டு மாதமாக யாரோடும் பேசுவதில்லை. கேட்டால் தலையசைப்பாள், அவ்வளவுதான். மாத்திரை, நேர்ந்துகொண்ட விளக்கு — எதிலும் அந்த மனச்சோர்வு குறையவில்லை. காந்தத்தால் மூளையைத் தூண்டும் புதுச் சிகிச்சை இருக்கிறது, பார்க்கலாம் என்றார் மலையாளத்து டாக்டரம்மா.

பத்தாம் கிளாஸோடு நின்றவன் நான். காந்தம் என்றால் ஆணிதான் ஞாபகம் வரும்.

"மூளைக்குக் கேடு வராதோ?"

"இது ஷாக் அல்ல சாரே. தலை திறக்கவும் வேண்டா. டக் டக்னு அடிக்கும், சிலருக்குத் தலைவேதனை வரும். ரொம்ப அபூர்வமா ஃபிட்ஸ் வரலாம். அதுகொண்டுதான் இந்த ஃபாரம். சத்தியம் எழுதணும், கேட்டோ?"

'முன்பு வலிப்பு வந்ததுண்டா?' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன்.

ராஜத்துக்குப் பன்னிரண்டு வயதில் இரண்டு தடவை வந்திருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் அவள் வீட்டில் மறைத்தார்கள். பின்னால் நான் மறைத்தேன். இப்போது மகளின் ஜாதகம் எங்கள் பேட்டை ஸ்ரீவராகம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறது. "அம்மாவுக்கு வலிப்பாமே" என்று ஒரு வாய் சொன்னால் போதாதா?

ராஜத்தை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். தோட்டையும் ஹேர்பின்னையும் கழற்றி என் கையில் கொடுத்தாள். சிஸ்டர் காந்தச் சுருளை அவள் தலைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"ஏன்னா... அதைச் சொல்லிட்டேளோ?"

எட்டு மாதத்தில் அவளாகக் கேட்ட முதல் கேள்வி.

"இல்லை. பொண்ணுக்கு வரன்..."

"வரன் வேற வரும். எனக்குத் தலை ஒண்ணுதானே இருக்கு?"

"நிறுத்துங்கோ சிஸ்டர்" என்றேன். ஃபாரத்தைக் கேட்டு வாங்கி, 'இல்லை'யை அடித்து 'உண்டு' என்று எழுதினேன். எழுத்து தெளிவாகத்தான் விழுந்தது.

டாக்டரம்மா கோபிக்கவில்லை. "மிஷினைப் பேடிச்சீங்க, பயந்தீங்க சாரே. பேடிக்க வேண்டியது இதையாக்கும்" என்று அந்த 'இல்லை'யைத் தொட்டுக் காட்டினார். முதலில் மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்து பார்ப்பார்களாம். காந்தம் வைக்கலாமா, வேறு வழியா என்பது அதற்கப்புறம்தான்.

எது ஆனாலும் சரி, இனி எந்த ஃபாரத்திலும் ஒளிக்கப்போவதில்லை. பகவானிடம் கேட்பதையும் மாற்றிக்கொண்டேன். முன்பு, "யாருக்கும் தெரியக்கூடாது" என்று வேண்டுவேன். இப்போது, "அவள் பேசட்டும்" என்று மட்டும்.

இதையெல்லாம் பத்திரிகைக்கு எழுதட்டுமா என்று மகளிடம் கேட்டேன். "எழுதுங்கோப்பா. பேரையும் போடுங்கோ" என்றாள்.

பெண் பார்க்க வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டே வரட்டும்.